08-ஐ 11 ஆக்குகிறேன்

பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளாஸ் 08 டீசல் ஷண்டிங் எஞ்சினின் (யார்டில் பெட்டிகளைத் தள்ளி வரிசைப்படுத்தும் வண்டி) OO அளவு, அதாவது நிஜ அடிக்கு 4 மி.மீ. அளவு, மாடல் ஒன்று கையில் இருக்கிறது. அதை அதன் அண்ணனான கிளாஸ் 11 ஆக மாற்றுவதுதான் இப்போதைய வேலை. தூரத்தில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. நீளமான மூக்கு, பின்னால் ஓட்டுநர் அறை, ஆறு சக்கரம். உள்ளே இருப்பதும் ஒரே குடும்பம்: இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் 6KT டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர், நிமிடத்துக்கு 680 சுற்றில் 350 குதிரைத்திறன்.

வித்தியாசம் சக்கரத்தில். 08-க்கு 4 அடி 6 அங்குலம், 11-க்கு 4 அடி அரை அங்குலம். அடிக்கு 4 மி.மீ. கணக்கில் 18 மி.மீ. சக்கரத்தைக் கழற்றி 16 மி.மீ. சக்கரம் போட்டேன். உடனே வண்டி ஒரு மி.மீ. இறங்கிவிட்டது. பஃபர் (வண்டி முனையில் மோதலைத் தாங்கும் முட்டு) உயரம் நிஜத்தில் இரண்டுக்கும் ஒன்றுதான், அது இறங்கக் கூடாது. சேசிஸுக்கும் (சக்கரங்கள் பொருந்தும் அடிச்சட்டம்) உடலுக்கும் நடுவே 1 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் வைத்ததும் சரியாகிவிட்டது.

நேரம் தின்றது கிராங்க்குகள்தான், அதாவது சக்கரங்களை இணைக்கும் தண்டு மாட்டும் கைகள். ஒரு பக்கத்துக் கிராங்க் மறுபக்கத்துக்கு 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். ஓர் அச்சில் கொஞ்சம் விலகினாலும் இணைப்புத் தண்டு இறுகி வண்டி விக்கும். நிஜ வண்டியில் டீசல் எஞ்சின் மின்சாரம் தரும், சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார். அந்த மோட்டார் முதல் அச்சிலும் கடைசி அச்சிலும் மட்டும்தான். நடு அச்சு சுற்றுவது இந்தத் தண்டின் தயவில்.

இந்த இரட்டை மோட்டார் ஏற்பாடு நேர் வழியில் வந்ததல்ல. 1930-களில் எல்.எம்.எஸ். ரயில்வே (பிரிட்டிஷ் ரயில்வேக்கு முன்பிருந்த கம்பெனிகளில் ஒன்று) இரண்டு வகையையும் வாங்கி ஓட்டிப் பார்த்தது. ஒன்றில் அச்சுக்கொரு மோட்டாராக இரண்டு. இன்னொன்றில் ஒரே பெரிய மோட்டார், அதன் சக்தி ஜாக்ஷாஃப்ட் என்ற தனி அச்சு வழியாகத் தண்டுகளுக்குப் போகும். 1939-இல் அந்தக் கம்பெனியின் டெர்பி பட்டறை கட்டத் தொடங்கியது ஜாக்ஷாஃப்ட் வகையைத்தான். அப்புறம் போர்க்காலத்தின் கடைசியில் இரட்டைக் குறைப்பு கியரோடு (சுற்றை இரண்டு படியாகக் குறைத்து இழுவிசையைக் கூட்டுவது) இரண்டு மோட்டாருக்கே திரும்பியது. என் கணிப்பில் புத்திசாலித்தனமான பின்வாங்கல் அது. யார்டில் கனமான ரேக்கை (பெட்டி வரிசையை) மெதுவாகத் தள்ள இழுவிசைதான் வேண்டும், வேகம் வேண்டாம். மணிக்கு 20 மைல் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

நீராவி ஷண்டர் சும்மா நிற்கும்போதும் நிலக்கரி தின்னும், கூடவே ஒரு ஃபயர்மேனும் வேண்டும். டீசலுக்கு அந்தச் செலவில்லை. அதனால்தான் இந்த வடிவம் நிலைத்தது. பிரிட்டிஷ் ரயில்வேயில் 12033 முதல் 12138 வரை எண் பெற்றவை கிளாஸ் 11. 1972-க்குள் எல்லாம் பணியிலிருந்து போய்விட்டன. 1952-இல் தொடங்கிய 08 மட்டும் 996 வண்டிகள். அதில் சில இன்றும் ஓடுகின்றன.

அடுத்து பெயின்ட். ஆரம்பகாலக் கறுப்புதான், மஞ்சள்-கறுப்புப் பட்டை கிடையாது. எண் 12131, அசல் வண்டி நார்த் நார்ஃபோக் ரயில்வேயில் பத்திரமாக இருக்கிறது. ஒட்டும் எண்கள் இன்னும் வந்து சேரவில்லை.