பச்சை மையில் எழுதிய இரண்டு மேற்கோள்கள்

கல்லூரி நாட்களில் மேற்கோள்களைப் பச்சை மையில் எழுதிவைத்த நோட்டை நேற்றுப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் பெயரில் அந்த வரி: "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை; ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிரைக் கொடுத்தும் காப்பேன்."

வோல்தேர் மறைந்தது 1778இல். அந்த வரியோ 1906இல் ஆங்கில எழுத்தாளர் எவலின் பீட்ரிஸ் ஹால் எழுதிய நூலில்தான் வருகிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி எல்வேசியுஸின் நூல் 1759இல் பாரிசில் எரிக்கப்பட்டபோது, அந்நூலைப் பெரிதாக மதிக்காத வோல்தேர் கொண்ட மனப்பான்மையை ஹால் தம் சொற்களில் சுருக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டார். பின்னாளில் அவரே அதை ஒப்புக்கொண்டார். நோட்டில் பெயரை அடித்துத் திருத்தினேன்; வரியை அடிக்க மனம் வரவில்லை.

அடுத்த பக்கத்தில் 1859இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதியது: தன் தரப்பை மட்டும் அறிந்தவன் அதையும் சொற்பமாகவே அறிந்தவன். எனக்கு இதுதான் இன்னும் கடினம். எதிராளியின் வாதத்தை அவரே தலையசைக்கும் அளவுக்கு நியாயமாக எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது என்பது, கடவுள் நம்பிக்கை பற்றித் தம்பியுடன் இருபது ஆண்டுகளாக வாதிட்டும் எனக்கு இரண்டு முறைதான் கைகூடியிருக்கிறது. இரண்டாவது முறை, அவன் பதில் சொல்லாமல் எழுந்துபோய் இருவருக்கும் தேநீர் போட்டு எடுத்து வந்தான்.