மட்டாஞ்சேரி போனா டைல்ஸ் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க

கொச்சி மட்டாஞ்சேரில யூதத் தெருவுக்குப் போறவங்க முக்காவாசிப் பேரு பரதேசி சினகாக்ல (சினகாக்னா யூதர்களோட வழிபாட்டுக் கூடம்) நுழைஞ்சு, சீனாலேர்ந்து வந்த நீல வெள்ளை டைல்ஸையும் மேல தொங்குற கண்ணாடி விளக்கையும் பாத்துட்டு நேரா மசாலா கடைக்குப் போயிடறாங்க. 1568ல கட்டுனது, அவ்ளோ அழகு, கையால வரைஞ்ச டைல்ஸ்ங்கிறதால ஒன்னு போல இன்னொன்னு இருக்காது, நானும் ரொம்ப நேரம் தரையவே பாத்துட்டு நின்னேன்.

ஆனா இதக் கட்டுனவங்க பரதேசி யூதர்கள், அதாவது வெளிநாட்டு யூதர்கள், ஸ்பெயின் பக்கத்துலேர்ந்துலாம் துரத்திவிட்டதால பின்னாடி வந்து சேந்தவங்க. அவங்களுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே மலபார் யூதர்கள் இங்க இருந்தாங்க. சுமார் 1000ல சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்துல இருக்கு, 72 உரிமை, பகல் விளக்கு, நடக்க விரிக்கிற பாவாடைத் துணி, குடை, பறை, தோரணம்னு வரிசையா வரும், படிக்கறப்போ நம்ம பக்கத்துக் கல்வெட்டு ஒன்னப் படிக்கிற மாதிரியே இருக்கும், எனக்கு நெஜமாவே சிலிர்த்துடுச்சு.

இவ்ளோ பழைய சனத்த பரதேசி யூதர்கள் சமமா நடத்தல. அவங்க கூட்டத்துலயே இருந்த, விடுதலையான அடிமைங்களோட வம்சத்துல வந்தவங்க பெஞ்சுல உக்காரக்கூட முடியாது, பரதேசி சினகாக்குக்குள்ளயே! அந்த வம்சத்துல பொறந்து வக்கீலான ஏ.பி. சேலம் காந்தி வழில சத்தியாகிரகம் பண்ணி அத மாத்துனாரு, யூத காந்தின்னே சொல்லுவாங்க. அவரு கதைய அங்க வர்ற ஒவ்வொருத்தருக்கும் சொல்லணும்னு நெனைக்கிறேன்.

அதே தெருவுல தெக்க நடந்தீங்கன்னா மலபார் யூதர்களோட கடவும்பாகம் சினகாக். 1950கள்ல சனம் இஸ்ரேல் போனதும் குடோனாச்சு, உள்ள இருந்த மரவேலைல நெறைய இப்போ ஜெருசலேம்ல இஸ்ரேல் மியூசியத்துல இருக்கு, 2019 மழைல முன்பக்கம் இடிஞ்சே விழுந்துடுச்சு. பரதேசிக்கு வர்ற கூட்டத்துல பாதி இங்க வந்திருந்தா யாராவது முன்னாடியே கேள்வி கேட்டிருப்பாங்க, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கல.

சனிக்கிழமை போகாதீங்க, பரதேசி மூடியிருக்கும். இன்னொரு நாள் ஒதுக்க முடிஞ்சா பறவூர், சேந்தமங்கலம் சினகாக் ரெண்டுக்கும் போங்க, ரெண்டுமே மலபார் யூதர்களோடது, கேரள அரசோட முசிரிஸ் பாரம்பரியத் திட்டத்துல சரிபண்ணி மியூசியமா வச்சிருக்காங்க. சேந்தமங்கலத்துல 1269ல இறந்த சாராங்கிற பொண்ணோட கல்லறைக் கல்லு ஹீப்ரு எழுத்தோட முன்னாடியே நிக்குது, அத விட்டுடாதீங்க.