ஒயர் நீளத்துக்குத்தான் தேர் நகரும்

இந்த வருஷம் எங்கள் ஊர் லூர்து மாதா தேருக்கு நானும் தோள் கொடுத்தேன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இதற்கு முன் தேர் கிளம்பும் பிப்ரவரி 10 ராத்திரி ஊரில் இருந்தது இரண்டே தடவை, அப்போதும் கூட்டத்தோடு மெழுகுவர்த்தி பிடித்து நடந்ததோடு சரி.

திருநாள் 11ஆம் தேதி. 1858இல் அதே தேதியில்தான் பிரான்ஸில் லூர்து ஊரின் மசபியேல் குகையில் பெர்னதெத்துக்கு மாதா முதல் தடவை காட்சி கொடுத்தார். 14 வயசுப் பெண், விறகு பொறுக்கப் போன இடம். மொத்தம் 18 காட்சிகள். என் அம்மா இதைச் சொல்லிக் கேட்டால் பெர்னதெத் ஏதோ கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து ஊர்ப் பெண், ஏரிக்கரைக்கு விறகுக்குப் போனாள் என்றுதான் தோன்றும்.

தேர் என்று சொல்கிறோமே தவிர சக்கரமெல்லாம் கிடையாது. சப்பரம்தான். இரண்டு நீளத் தண்டு, பக்கத்துக்கு எட்டுப் பேர், மேலே மாதா சுரூபம், சுற்றிலும் சாமந்தி, சீரியல் லைட். எல்லோரும் முன் தண்டுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள், போட்டோவில் விழும் இடம் அதுதான். எனக்குக் கிடைத்தது பின்னால் மூன்றாவது இடம். அங்கே ஒரு மாமா, அறுபது வயசுக்கு மேல் இருக்கும், என் துண்டை வாங்கி நாலாக மடித்துத் தோளில் வைத்து, "மேட்டுல ஏறும்போது பாரு கண்ணு, மாதா மொத்தமா நம்ம பக்கம்தான் வருவாங்க" என்றார். அவர் தோள் கொடுக்க ஆரம்பித்தது எங்கள் ஊர் சேலத்து ஆண்டகைக்கு, அதாவது சேலம் பிஷப்புக்கு, கீழே இருந்த காலத்திலாம். 1997இல்தான் தர்மபுரி தனி மறைமாவட்டம் ஆனது, அவருக்கு அது இன்னும் புது விஷயம்.

உயரம் ஒரு பெரிய பிரச்சினை. எனக்கு முன்னால் நின்ற பையன் குள்ளம், அவன் தோளுக்கும் தண்டுக்கும் நடுவில் என் உள்ளங்கையே போகும், ஆனால் முகத்தை மட்டும் பாரம் தாங்க முடியாதவன் மாதிரி வைத்துக்கொண்டு வந்தான். அவன் பாரமும் சேர்த்து எனக்கு.

அப்புறம் ஜெனரேட்டர். அது குட்டியானையில் பின்னால் வரும், அதிலிருந்து சப்பரத்துக்கு ஒயர். முன்னால் பேண்டு செட்டுக்காரர்கள் வேகம் பிடித்தாலும், ஃபாதர் மைக்கில் "சீக்கிரம் நகருங்கள்" என்றாலும், ஒயர் நீளத்துக்குத்தான் தேர் நகரும். தெருவில் தொங்கும் கேபிள் ஒயரைத் தூக்கிவிட கவைக்கம்போடு ஒரு பையன் வேறு. வீட்டுக்கு வீடு நிறுத்தி உப்பும் மிளகும் வீசுகிறார்கள், கோயிலுக்கே வராத பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்களும்தான். கீழே இருக்கிறவன் தலையில்தான் பாதி விழும். வெறுங்காலில் கல்லுப்பை மிதித்துப் பாருங்கள், தெரியும்.

பள்ளிக்கூட மேட்டில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இறக்கி வைக்கவும் முடியாது, சரிவு. பேண்டும் நின்றது. அந்த இருட்டில் பின்னால் வந்த பெண்கள் மட்டும் ஜெபமாலையை நிறுத்தவில்லை, "அருள் நிறைந்த மரியே" என்று ஒரு பக்கம் ஆரம்பிக்க மறுபக்கம் முடித்துக்கொண்டே இருந்தார்கள், தோப்பிலிருந்து மாம்பூ வாசனை வந்தது. ஐந்து நிமிஷம் இருக்குமா, பத்தா, தெரியவில்லை. என் கால் நடுங்கியது. மாமா என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் அவர் பக்கம் தண்டு கொஞ்சம் உயர்ந்தது, என் தோள் லேசானது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, "இந்த வருஷம் நீலப்பட்டு எப்படி இருந்துச்சு?" என்றாள். எனக்கு எங்கே தெரியும்? மூன்று மணி நேரம் மாதாவுக்குக் கீழே இருந்தவன் பார்த்ததெல்லாம் அந்தக் குள்ளப் பையனின் சட்டைக் காலர்தான்.

12ஆம் தேதி ஆபீசுக்குக் கிளம்பும்போது லேப்டாப் பையை வழக்கம்போல வலது தோளில் மாட்டப் போய், ஐயோ என்று இடதுக்கு மாற்றிக்கொண்டேன்.