லால்பாக்கில் ஒரு பொட்டுப் பிசின்

பெங்களூரு அல்சூரில் பெரியப்பா மகன் வீட்டில் இரண்டு நாள் தங்கல். அண்ணன் பூச்சியியல் படித்தவர். காலை ஆறரைக்கே எழுப்பி லால்பாக் கூட்டிப்போனார். ஆட்டோக்காரரிடம் நான் தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில் வழி சொன்னேன். "ஏறுங்க சார்" என்றார் அவர். அல்சூரில் இது சகஜம்.

1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையைச் சுற்றிவிட்டு வந்தால், கோபுரம் கோபுரமாக அரவுகாரியா மரங்கள். "பைன்!" என்றேன். "இல்லடா, பைனுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றார். ஒரு மரத்தின் பட்டையில் வெள்ளையாகப் பிசின் வழிந்திருந்தது. தொட்டேன், விரலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அரை மணி நேரம் பாடம்.

நிஜ பைனுக்கு இந்தப் பிசின்தான் காவல்காரன். வட அமெரிக்காவில் அரிசி மணி அளவே உள்ள ஒரு வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரம் பிசினைப் பீய்ச்சி அதை வெளியே தள்ளப் பார்க்கும். துளையைச் சுற்றியுள்ள தன் திசுவைத் தானே சாகவிட்டு, அந்த இடத்தில் நச்சு வேதிப்பொருள்களையும் நிரப்பும். அதில் ஒன்று ஆல்பா பைனீன். பெண் வண்டு அதையே வெர்பினாலாக மாற்றி, "வாங்க, இடம் கிடைச்சிருக்கு" என்று மணத்தால் ஊரையே கூப்பிடுகிறது. மரத்தின் ஆயுதமே அழைப்பிதழ்! கூட்டம் சேர்ந்ததும், வண்டோடு வந்த நுண்ணுயிர்களில் சில வெர்பினாலை வெர்பினோனாக மாற்றுகின்றன. அது 'ஹவுஸ் ஃபுல்' பலகை, பின்னால் வருகிற வண்டுகள் வேறு மரம் தேடும். மரங்களைக் காக்க மனிதர்களும் வெர்பினோன் பொட்டலங்களைத் தண்டில் தொங்கவிடுகிறார்களாம்.

வண்டின் வாயோரப் பையில் பூஞ்சையும் பயணம் செய்கிறது. அது தண்டின் நீர்ப்பாதையை அடைத்து மரக்கட்டையை நீலமாக்கும். கூட வரும் பாக்டீரியாக்களில் சில பிசினின் நச்சையே தின்று தீர்க்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1990-களில் தொடங்கிய தாக்குதலில் சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காடு பாதிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பரப்பே 1.3 கோடிதான்.

என்னை அசைத்தது மண்ணின் கதை. மரம் செத்தால் அதன் வேரோடு வாழும் பூஞ்சைக் கூட்டமும் மாறிவிடும். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வண்டு அழித்த காட்டின் மண்ணைச் சேர்த்து வளர்த்த பைன் கன்றுகளிடம் பைனீன் வகைக் காவல் பொருள்கள் குறைவாகவே இருந்தன. பிழைத்த கன்றுகளும் குறைவு. அப்பன் போன வீட்டுப் பிள்ளை நிலைமை.

சாயங்காலம் அண்ணியும் சேர்ந்து சோமேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். விரலில் பிசின் இன்னும் பிசுபிசுத்தது. தீபாராதனைத் தட்டு எங்கள் பக்கம் வந்தபோது அண்ணன் என் காதோரம் குனிந்து, "கடைக் கற்பூரம் பெரும்பாலும் எதுல செய்யறாங்க தெரியுமா? பைன் மரத்து டர்பன்டைன்ல. அதே ஆல்பா பைனீன்" என்றார்.

அண்ணி திரும்பி முறைத்தார். இருவரும் ஒழுங்காகக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.