பன்னிரண்டாம் ஃப்ரெட் சொன்ன பொய்

போன ஞாயிறு கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் நண்பன் வீட்டுக்குப் போனேன். குளிரில் கம்பிகள் சுருங்கி எல்லாச் சுருதியும் ஏறியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அரை மணி நேரம் அறையில் வைத்து, மறுபடி ட்யூன் செய்தேன்.

ஆனால் மூன்றாவது கம்பி மட்டும் அடங்கவில்லை. கம்பியை முறுக்கும் சாவியைத் திருகினால் ஒன்றும் ஆகாது, அப்புறம் 'டிங்' என்று ஒரு சத்தம், சுருதி ஒரேயடியாகத் தாவும். சாவி மேல் தப்பில்லை. மெல்லிய 9 செட் கம்பிகளை மாற்றி, கொஞ்சம் தடித்த 10 செட் போட்டிருந்தேன், அந்தத் தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. நண்பனின் மகளிடம் பென்சில் வாங்கி, கம்பி வழுக்கிப் போகட்டும் என்று பள்ளத்தில் தேய்த்தேன். சத்தம் நின்றது.

அடுத்தது ஆறாவது கம்பி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (வீணை என்றால் மெட்டு) ஹார்மோனிக் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) சரியாக இருந்தது. அழுத்தி வாசித்தால் ட்யூனர் முள் 12 சென்ட் (அரைச் சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே. மேலே போனால் சேடிலை (கம்பியின் மறுமுனையைத் தாங்கும் சிறு துண்டு) கழுத்திலிருந்து பின்னால் தள்ள வேண்டும், கீழே இருந்தால் முன்னால். கால் திருகு, ட்யூன், சோதனை. மறுபடி கால் திருகு. டீ ஆறிப்போனது. அப்படியும் 5 சென்டுக்குக் கீழே இறங்கவில்லை.

கடைசியில் பார்த்தால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவி) கம்பியை உரசாத குறை. அதன் காந்தம் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தது! இரண்டு திருகில் இறக்கினேன், முள் நடுவில் நின்றது. சேலம் வந்ததும் வெயிலில் எல்லாச் சுருதியும் இறங்கியது வேறு கதை.