கொலுசு வேலைக்கு எந்தக் கண்ணாடி?

சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் உட்காருகிற அண்ணன்மார், அக்காமார் கவனத்துக்கு.

40 வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கினால் பயப்படாதீங்க. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய் வளைந்து கொடுக்காது, அவ்வளவுதான். பெரியவங்க வெள்ளெழுத்து என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் படிக்கிற கண்ணாடியை வழக்கமாக 40 செ.மீ. தூரத்துக்குத்தான் பார்த்துக் கொடுப்பாங்க. சலங்கை மணியைப் பற்றவைக்கிறவர் 25 செ.மீ. வரை குனிகிறார். 40 செ.மீ.-க்குக் கண்ணுக்கு 2.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அளவு) போதும். 25-க்கு 4 வேண்டும். புதுக் கண்ணாடி போட்டும் வளையத்தின் வாய் கலங்கித் தெரிவதும், சாயங்காலம் நெற்றி வலிப்பதும் இதனால்தான்.

பரிசோதனைக்குப் போகும் முன், வேலை செய்கிற மாதிரியே உட்கார்ந்து கண்ணிலிருந்து கொலுசு வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்க. அந்த அளவோடு ஒரு துண்டுச் சங்கிலியும் கையில் இருக்கட்டும். சர்க்கரை தாறுமாறாக இருக்கும்போது பவர் பார்க்காதீங்க, பிறகு மாறிவிடும்.

முக்கியமா, அமிலம் கண்ணில் தெறித்தால் சொட்டு மருந்து தேடி ஓட வேண்டாம். இமையைப் பிரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவுங்க. அப்புறம் நேரா கண் டாக்டர்கிட்ட போயிடுங்க.