ஆறாவது வரி

"இன்னும் கெளம்பலையா தம்பி?"

காலை ஏழரை. பர்மாவில், எங்கள் யாங்கோன் கோயில் வாசலில் பால் சொம்போடு ஒரு ஆத்தா. கன்னத்தில் பூசிய தனாக்கா, இங்கே பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து, இன்னும் ஈரம் காயவில்லை. பால்குடம் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

"எட்டு மணின்னுதானே போட்டிருக்கு?"

இடுப்பிலிருந்து நோட்டீசை எடுத்து வாசித்துக் காட்டினார். நான் எழுதிய நோட்டீஸ். ஒவ்வொரு எழுத்தாக விரல் நகர்ந்தது. "நிகழும் மங்களகரமான..." என்று நான் ஆசையாய்க் கோத்த அடைமொழிகளில், மூன்றாவது வரிக்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

நேரம் இருந்தது ஆறாவது வரியில். ஆறு மணிக்குப் பால்குடம், எட்டு மணிக்கு அபிஷேகம், இரண்டும் ஒரே வாக்கியத்தில். அவர் விரல் எட்டில் நின்றது.

ஒற்றுப்பிழை பார்க்கவே அரை மணி நேரம் செலவழித்திருந்தேன். ஒரு பிழையும் இல்லை.

1960களில் பர்மாவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. இவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். பலருக்கு அதற்குப் பிறகு கோயில் வகுப்பில் கிடைத்ததுதான் தமிழ். இப்படி எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களுக்குத்தான் அந்தத் தாள். எழுதும்போது இவர் முகம் என் நினைவிலேயே இல்லை. என் தமிழ் அழகாக இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லப்பா, அம்மனுக்குத் தெரியும்" என்று சொம்பை என் கையில் கொடுத்தார். அபிஷேகத்தில் அவர் பாலும் சேர்ந்தது.

அடுத்த வார நோட்டீசை இப்போதுதான் எழுதி முடித்தேன். முதல் வரி:

"வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு விளக்குப் பூஜை."